மனுவும் மறுமொழியும்

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் படித்த ஒருவரிடம் வந்து, “எனக்கொரு மனு எழுதித் தரவேண்டும்” என்று கேட்கும்போது, அவர் கொண்டுவருவது ஒரு குறையை மட்டுமன்று. தம் மானத்தில் ஒரு பகுதியையும் கொண்டுவருகின்றார். பினாங்கு நகரிலே கடைகளின் முன் அஞ்சடியில் சிறு மேசை போட்டு அமர்ந்து மனு எழுதிப் பிழைத்தோர் இருந்தனர். தோட்டங்களிலோ அத்தொழிலுக்குக் கூலியில்லை. லயத்தில் எந்த வீட்டுப் பிள்ளை நாலெழுத்துப் படித்ததோ, அந்தப் பிள்ளையே ஊருக்கெல்லாம் மனு எழுதும். “தாழ்மையுடன்” என்று தொடங்க வேண்டும். “தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்” என்று முடிக்க வேண்டும். இடையில் இருப்பது ஒரு மனிதரின் வாழ்க்கை.

அம்மனுக்கள் யாருக்குச் சென்றன? ஒரு காலத்தில் தோட்டத் துரைக்குச் சென்றன. பிறகு, 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்தையொட்டி மலாயாவில் அமர்த்தப்பெற்ற இந்திய சர்க்காரின் ஏஜெண்டுக்குச் சென்றன. நாடு விடுதலை பெற்று வாக்குரிமை வந்தபின் மக்கள் பிரதிநிதிக்குச் சென்றன. முகவரி இரண்டு முறை மாறிற்று. “தாழ்மையுடன்” என்ற சொல் மட்டும் மாறவேயில்லை. துரைக்குத் தாழ்ந்து எழுதியதற்குக் காரணம் உண்டு. அவர் நம்மால் நியமிக்கப்பட்டவரல்லர். நம் வாக்கினால் அப்பதவியில் அமர்ந்த ஒருவருக்கும் நாம் தாழ்ந்து எழுதுவானேன்? பிரதிநிதிக்கு எழுதும் கடிதம் இரப்பா, அன்றி உரிமையா? இதுவே இக்கட்டுரையில் ஆராய எடுத்துக்கொண்ட வினா.

இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து வந்ததன்று. செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் பள்ளிப் பிள்ளையாயிருந்த நாளில், எங்கள் லயத்தில் இரு விதவைகள் இருந்தனர். இருவரும் பால் வெட்டியே முதுமை எய்தியவர்கள். இருவர் கையிலும் சிவப்பு அடையாள அட்டை. இருவரிடமும் பிறப்புப் பத்திரம் கிடையாது. குடியுரிமை கேட்டு இருவருக்கும் மனு எழுதியவன் நானே. ஒரே தாள், ஒரே மை, ஏறக்குறைய ஒரே வாசகம். ஒருவருடைய அக்காள் மகன், அத்தொகுதிப் பிரதிநிதியின் காரோட்டியோடு பழக்கமுடையவன். அந்த அம்மையாருக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் கிடைத்தது. அடுத்த ஆண்டிலேயே நீல அட்டையும் கிடைத்தது. லயமே கூடி எனக்குப் பலகாரம் கொடுத்தது. என் எழுத்தினால் ஒரு கிழவி வாழ்வு பெற்றாள் என்று நான் தலைநிமிர்ந்து திரிந்தேன்.

மற்றவருக்கு மறுமொழியே வரவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு மாலை அவர் எங்கள் வாசலில் வந்து நின்று, “தம்பி, என் கடுதாசியில எழுத்துல ஏதும் கொறை வெச்சிட்டியாப்பா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, பிழை தம் பக்கத்திலேயே இருக்கக்கூடும் என்று அஞ்சிக் கேட்டார். நான் யாது சொல்வேன்! எழுத்தில் குறையில்லை. அவருக்குக் காரோட்டியைத் தெரிந்த உறவினன் ஒருவன் இல்லாததே குறை. அவர் சிவப்பு அட்டையோடேயே மறைந்தார். அன்றுமுதல், பிரதிநிதி ஒருவர் ஒரு மனுவுக்கு இரங்கி உதவினார் என்று கேள்விப்படும்போதெல்லாம், எழுதியும் மறுமொழி பெறாத இன்னொருவர் முகமே எனக்குத் தோன்றுகின்றது. உதவியது நன்றே. ஆனால் அவ்வுதவி அறமா?

நிற்க. இதனை வெறும் மன வருத்தமாக விட்டுவிடாமல், ஒருவருடைய பொதுவாழ்க்கையைத் துணையாகக் கொண்டு ஆராய்வோம். மனுக்கள் வந்து சேரும் மேசைகள் பலவற்றில் அடுத்தடுத்து அமர்ந்தவர் ஒருவர் வேண்டும். தமிழ்நாட்டில் அத்தகையவர் திரு. மணி சங்கர் அய்யர். தூதுத்துறையில் கால் நூற்றாண்டு பணியாற்றிய பின் மயிலாடுதுறைத் தொகுதியிலிருந்து இந்தியப் பார்லிமெண்டுக்குச் சென்றவர் அவர். பினாங்கு நேயர்களுக்கு மயிலாடுதுறை அயலூரன்று. ‘ரஜூலா’ கப்பல் நாகப்பட்டினத்திற்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய காலத்தில், அக்காவிரிக் கரையின் நெல்வயல்களை விட்டு இங்கு வந்தோர் பலர். நம்மில் பலருடைய பாட்டன்மார் எந்தக் கிராமங்களில் குறை சொல்ல ஆளின்றிக் கப்பலேறினரோ, அக்கிராமங்களின் மனுக்களையே பிற்காலத்தில் அவர் பெற்றார்.

அவர் 1941-ஆம் ஆண்டு லாகூரில் பிறந்தார். டேராடூனிலும் டில்லியிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று, 1963-இல் இந்திய அயல்நாட்டுப் பணியில் சேர்ந்தார். 1978-இல் கராச்சியில் இந்தியாவின் தலைமைக் கான்சலாக அமர்ந்தார். அம்மேசையின் தன்மையை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் இந்தியாவிலிருந்து சென்று கராச்சியில் குடியேறிய குடும்பங்கள் மிகப் பல. அண்ணன் லக்னோவில், தம்பி கராச்சியில். தாய் பம்பாயில், மகள் கராச்சியில். 1971-ஆம் ஆண்டுப் போரினால் அறுந்த தூதுறவு 1976-இல்தான் மீண்டும் தழைத்தது. ஆதலின், கான்சல் காரியாலயத்தின் முன் விசா வேண்டி வந்து நின்றோர், பல்லாண்டுகளாகத் தம் இரத்தத்தைக் காணாதோர்.

விசா வேண்டுவதும் ஒரு மனுவே. ஆயினும் அதனை எழுதுவோர் கான்சலுக்கு வாக்களித்தவரல்லர். அவர் நாட்டுக் குடிகளுமல்லர். அவர்களுக்கு அவர் கடமைப்பட்டவரா? சட்டத்தை நோக்கினால், இல்லை. வள்ளுவப் பெருந்தகை தூது என்னும் அதிகாரத்திலே, தூது செல்வோனுக்கு இன்றியமையாதவை எவை என்று சொல்லுமிடத்து, அறிவையும் எண்ணிப் பேசும் திறத்தையும் மட்டும் கூறி நிறுத்தவில்லை. அன்பையே முதலில் வைத்தார். அரசனுடைய காரியத்தைச் செய்யச் செல்பவனுக்கு அன்பு எதற்கு? தூதன் அமர்ந்த மேசைக்கு எதிரே நிற்பவர்களும் மாந்தரே என்பதனால் என்று நான் பொருள் கொள்வேன். தூதனுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. எதிரே நிற்பவரிடத்தில் அவனுக்கு ஆதாயம் ஒன்றுமில்லை. அவர் நாளை வாக்களிக்கப் போவதில்லை. ஆகவே அவன் செய்யும் நன்மை விலையில்லா நன்மை. தேர்தலில் நிற்பவர் இழந்துவிடுவது இந்த ஒன்றைத்தான்.

1985-இல் அவர் பிரதமர் ராஜீவ் காந்தியின் காரியாலயத்தில் பணியேற்றார். ஒரு நாட்டின் மனுக்களெல்லாம் கடைசியில் வந்து விழும் இடம் பிரதமரின் காரியாலயம். ஒரு கிராமத்தில் கிணறு தூர்ந்தாலும், ஒரு விதவைக்கு உபகாரச் சம்பளம் நின்றாலும், கடிதம் டில்லிக்குப் போகின்றது. ஏன் போகின்றது? கிணறு இருக்கும் ஊரிலே அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவருமில்லை என்பதனால். 1987 இறுதிமுதல் 1988 நடுப்பகுதிவரை ராஜீவ் காந்தி இந்தியா முழுவதுமுள்ள மாவட்ட ஆட்சியாளர்களைப் பல இடங்களில் கூட்டி, மக்களின் குறைக்குச் செவிகொடுக்கும் நிர்வாகம் எங்ஙனம் அமையும் என்று விவாதித்தார். நல்ல அதிகாரிகளை அமர்த்தினால் போதும் என்று தொடங்கிய எண்ணம், அதிகாரி எத்துணை நல்லவராயினும் மக்களுக்கு விடை சொல்லக் கடமைப்படாதவரை குறை தீராது என்னும் இடத்தில் வந்து முடிந்தது. அதன் விளைவாக 1989 மே மாதத்தில், கிராமப் பஞ்சாயத்துகளுக்கு அரசியலமைப்பிலேயே இடம் தரும் மசோதா பார்லிமெண்டில் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் ராஜ்ய சபையில் அது தோற்றது. அதே 1989-இல் மணி சங்கர் அய்யர் தூதுப்பணியைத் துறந்து அரசியலில் இறங்கினார். 1991-இல் மயிலாடுதுறை அவரைத் தேர்ந்தெடுத்தது.

இங்கேதான் நம் வினா கூர்மையடைகின்றது. தூதுவர் பிரதிநிதியானார். இரண்டும் ஒருவர்க்காக மற்றொருவர் பேசும் தொழில் அல்லவா? வேறுபாடு யாது? இங்கிலாந்தில் எட்மண்டு பர்க்கு என்பார் 1774-ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகர வாக்காளரிடம் இதனையே பேசினார். பார்லிமெண்டு என்பது ஒன்றோடொன்று பகைத்த நலங்களின் தூதர்கள் கூடும் இடமன்று. ஒரு நாடு முழுவதற்கும் பொதுவான நன்மையைத் தேடும் சபை. ஆகவே உங்கள் பிரதிநிதி உங்கள் கட்டளையை எடுத்துச் செல்லும் ஆளன்று, தன் அறிவை உங்களுக்காகச் செலவிடும் மனிதன் என்பது அவர் கருத்து. கேட்க இனிய கருத்து. ஆனால் அவர் பிரிஸ்டலுக்கு அரிதாகவே சென்றார். 1780-இல் அவ்வூரை இழந்தார். நாட்டின் பொதுநன்மையைப் பேசுகின்றேன் என்னும் பிரதிநிதியை நோக்கி வாக்காளர், “எங்கள் தெருவுக்கு எப்போது வருவீர்?” என்று கேட்கின்றனர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு.

இந்தியப் பார்லிமெண்டு அங்கத்தினருக்கு வரும் கடிதங்கள் எத்தகையன? சட்டங்களைப் பற்றி எழுதுவோர் சிலர். ரயில் நிற்க வேண்டும், சாலை வேண்டும் என்று ஊருக்காக எழுதுவோர் சிலர். பெரும்பாலோர் தம் வீட்டுக் குறையையே எழுதுவர். மகனுக்கு வேலை, மகளுக்குப் பள்ளியில் இடம், தாய்க்கு வைத்தியச் செலவு. தொலைபேசியும் சமையல் எரிவாயும் வரிசையில் நின்று பெறவேண்டிய அரும்பொருள்களாயிருந்த காலத்தில், அவற்றைச் சிலருக்கு முன்னதாகப் பெற்றுத்தரும் சலுகை அங்கத்தினருக்கு அளிக்கப்பட்டிருந்தது. மத்திய சர்க்கார் நடத்தும் கேந்திரிய வித்யாலயப் பள்ளிகளிலே, ஓர் அங்கத்தினர் ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளைத் தம் சிபாரிசினால் சேர்க்கலாம் என்றொரு விதியும் இருந்தது. ஒரு தொகுதியில் வாக்காளர் பத்து இலட்சத்துக்கும் மேல், இடம் பத்து! பதினோராவது பெற்றோருக்கு அவர் என்ன மறுமொழி எழுதுவார்? 2022-இல் அச்சலுகை நீக்கப்பட்டது. அதனைக் கேட்டு மகிழ்ந்த அங்கத்தினரும் இருந்திருப்பர் என்பது என் எண்ணம். ஏனெனில், பத்துப் பேர் நன்றியையும் ஆயிரம் பேர் மனக்கசப்பையும் அவர்களுக்குத் தந்த சலுகை அது.

சலுகையின் இயல்பு இதுதான். வரிசையில் நிற்கும் ஒருவரை முன்னே அழைத்தால், அவர் முகத்தில் மலர்ச்சி தோன்றுகின்றது. அதனை நாம் காண்கின்றோம். பின்னே நிற்பவர்கள் ஒவ்வொருவரும் ஓரடி பின்னுக்குத் தள்ளப்படுகின்றனர். அதனை ஒருவரும் காண்பதில்லை. முன்னே அழைக்கப்பட்டவர் மிக ஏழையாயிருப்பாரா? பெரும்பாலும் இரார். மிக ஏழைக்கு எழுதத் தெரியாது. எழுதித் தருபவர் இரார். எழுதினாலும் கொண்டுபோய்ச் சேர்ப்பிக்கும் உறவினர் இரார். எங்கள் லயத்து இரண்டாவது அம்மையார் அவ்வரிசையின் கடைசியில் நின்றவர். ஆகவே, மனுவுக்கு மனு இரங்கும் பிரதிநிதி தம்மை அறியாமலே, பேசத் தெரிந்த ஏழைக்காகப் பேசாத ஏழையைத் தண்டிக்கின்றார்.

1993-ஆம் ஆண்டு இந்தியாவில் ஒன்றுக்கொன்று எதிரான இரு காரியங்கள் நடந்தன. முன்பு தோற்ற எண்ணம் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தமாக மீண்டும் வந்து, 1992 டிசம்பரில் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கொரு முறை பஞ்சாயத்துத் தேர்தல். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கேற்ப இடம். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. வாக்காளர் அனைவரும் அமரும் கிராம சபை. குடிநீர், சாலை, பள்ளி முதலாக 29 துறைகளின் பட்டியல். அதே ஆண்டு டிசம்பரில், பார்லிமெண்டு அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் தொகுதியில் செய்ய வேண்டிய பணிகளைத் தாமே குறிப்பிடுவதற்கான நிதித் திட்டம் ஒன்றும் தொடங்கிற்று. அத்தொகை வளர்ந்து 2011-முதல் ஆண்டுக்கு 5 கோடி ரூபாயாயிற்று. ஏப்ரலில் வந்த சட்டம், “உன் தெருவிளக்கை நீயும் உன் அண்டை வீட்டாரும் கூடி முடிவு செய்யுங்கள்” என்றது. டிசம்பரில் வந்த திட்டம், “விளக்கு வேண்டுமாயின் அங்கத்தினருக்கு மனுப்போடு” என்றது. ஒரே நாடு, ஒரே ஆண்டு, இரு வேறு அறம்!

மணி சங்கர் அய்யர் முதலாவதன் பக்கம் நின்றார் என்பதே அவர் வாழ்க்கையில் நாம் கருதத்தக்கது. 2004-இல் அவர் மீண்டும் மயிலாடுதுறையில் வென்று மந்திரியானார். பெட்ரோலிய இலாகா அவரிடம் வந்தது. சலுகை எத்துணை பெரிதாகக்கூடும் என்பதற்குப் பேர்போன இலாகா அது. முன்னொரு மந்திரி பெட்ரோல் விற்பனை நிலையங்களைத் தம் விருப்பம்போல் அளித்தார் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் அவற்றை ரத்து செய்திருந்தது. அத்துடன் அவ்வாண்டு புதிதாக அமைந்த பஞ்சாயத்து இராஜ்ய இலாகாவும் அவருடையதாயிற்று. அதன் முதல் மந்திரி அவரே. பெட்ரோலிய இலாகா 2006-இல் அவரை விட்டு அகன்றது. பஞ்சாயத்து இலாகாவில் 2009-வரை இருந்தார். பதவி போனபின்னும், பஞ்சாயத்துகளின் வழியே அரசின் நன்மைகளை மக்களிடம் சேர்ப்பது எங்ஙனம் என்று ஆராய்ந்த நிபுணர் குழுவுக்குத் தலைமை தாங்கி 2013-இல் அறிக்கை அளித்தார். கடிதத்துக்கு விடை எழுதுவதைவிட, அக்கடிதமே எழுத வேண்டாதபடி செய்வது மேல் என்பதே இப்பணி அனைத்தின் கருத்தென்று நான் கொள்கின்றேன்.

நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகின்றது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, அவர் தொகுதியைச் சேர்ந்த கடற்கரைக் குப்பங்களையும் தாக்கிற்று. நம் பினாங்குக் கரையையும் தாக்கிற்று. பினாங்கில் 52 உயிர்கள் போயின. நாகப்பட்டினம் மாவட்டத்திலோ 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று எவரும் எவருக்கும் மனு எழுதவில்லை, துன்பமே மனுவாயிற்று. பக்கத்து வீட்டாரும் பக்கத்து ஊராரும் முதலில் ஓடி வந்தனர். மறுநாள் தொடங்கி நிவாரணப் பட்டியல்கள் எழுதப்படும்போதுதான், யார் பெயர் சேர்ந்தது, யார் பெயர் விடுபட்டது என்ற பழைய வினா தலைதூக்கிற்று. வீடு வீடாக அறிந்தவர் எழுதும் பட்டியலுக்கும், தொலைவில் இருந்து மனுக்களைக் கொண்டு எழுதும் பட்டியலுக்கும் உள்ள வேறுபாட்டை அத்தகைய நாளில் யாவரும் உணர்வர்.

ஆயின், அருகிலுள்ள கதவே அறத்தின் கதவு என்று முடித்துவிடலாமா? அன்பர்களே, இங்கே நாம் ஏமாறக் கூடாது. டாக்டர் அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலே, கிராமத்தைப் புகழ்ந்து பேசியோரைக் கடிந்தார். அறியாமையும் குறுகிய நோக்கும் சாதிப் பிடிவாதமும் குடிகொண்ட இடம் அது என்பது அவர் கண்ட உண்மை. தமிழ்நாடு அவரை மெய்ப்பித்தது. 1996-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துத் தேர்தலில் மதுரை மாவட்டத்து மேலவளவின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசன், 1997 ஜூன் 30-ஆம் நாள், மதுரையில் அதிகாரிகளிடம் குறை தெரிவித்துவிட்டுத் திரும்பும் வழியில், ஓடும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடன் ஐவரும் மாண்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களிலே, ஒதுக்கப்பட்ட பதவிக்கு 2006-வரை பத்தாண்டுகள் முறையான தேர்தலே நடத்த முடியவில்லை. அருகிலுள்ள கதவு அங்கே அறையப்பட்ட கதவு. அவ்வூரில் ஒடுக்கப்பட்டவனுக்குத் தொலைவிலுள்ள அதிகாரியும், தொலைவிலுள்ள பிரதிநிதியும், தொலைவிலுள்ள நீதிமன்றமுமே புகலிடம். நம் தோட்டத்து மக்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். கங்காணியும் கிராணியும் மிக அருகிலே இருந்தனர். அதனாலேயே தொலைவிலிருந்த ஏஜெண்டுக்கு மனு எழுத நேர்ந்தது.

ஆகவே ஒரு கதவு போதாது, இரண்டு வேண்டும். அருகிலுள்ள கதவு, உரிமையைப் பெறுவதற்கு. தொலைவிலுள்ள கதவு, அருகிலுள்ளார் அவ்வுரிமையை மறுக்கும்போது முறையிடுவதற்கு. இரண்டாவதன் வேலை சலுகை தருவதன்று; முதற்கதவைத் திறக்கச் செய்வது. மேலவளவு காட்டும் பாடம் பஞ்சாயத்து வேண்டாம் என்பதன்று. சட்டத்தில் எழுதிய உரிமைக்குக் காவல் வேண்டும் என்பதே. காவலின்றேல் சட்டமும் உறங்கிவிடும்: 2016-இல் நடக்க வேண்டிய தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தல், ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரில்தான் தொடங்கிற்று, எஞ்சிய மாவட்டங்களுக்கு 2021-வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மற்றுமொரு தடை சொல்வார் உண்டு. “நீர் சட்டத்தையும் அமைப்பையும் பேசுகின்றீர். இன்று பசித்தவனுக்கு இன்று சோறு வேண்டாமா? அமைப்பு திருந்தும்வரை அவன் காத்திருப்பானா?” என்பர். இது தட்டிக்கழிக்கத்தக்க தடையன்று. என் முதல் மனுவினால் நீல அட்டை பெற்ற அம்மையாரைப் பார்த்து, “நீர் பெற்றது அறமன்று” என்று சொல்ல எனக்கு வாய் வருமா? வராது. அவர் பெற்றது அவருக்கு உரியதே. பிழை, அவருக்குக் கொடுத்ததில் இல்லை. மற்றவருக்குக் கொடுக்காததில் இருக்கின்றது. ஒரு மனுவைப் படித்து உதவிய பிரதிநிதி, “இதே நிலையில் இத்தோட்டத்தில் இன்னும் எத்தனை பேர்?” என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும், இரண்டாவது அம்மையாரின் பெயர் அவர் மேசைக்கு வந்திருக்கும். இரக்கம் வேண்டாம் என்பதன்று என் வாதம். இரக்கம் ஒரு மனுவோடு நின்றுவிடக் கூடாது என்பதே.

இத்துணை எழுதியபின், மணி சங்கர் அய்யரை வழுவற்றவராகக் காட்டுவது என் நோக்கமன்று என்பதையும் சொல்லவேண்டும். தூதுவராயிருந்தவருக்கு நா அடங்குதல் இயல்பாயிருக்க வேண்டும். அவருக்கு அஃது இல்லை. பிரதமரைப் பற்றிக் கூறிய ஒரு கடுஞ்சொல்லுக்காக 2017-இல் அவருடைய கட்சியே அவரை விலக்கி வைத்து, மறு ஆண்டு திரும்பச் சேர்த்துக்கொண்டது. காண்பதற்கு எளிமையும் கடுஞ்சொல் இன்மையும் ஆள்வோனுக்கு வேண்டுமென்றார் வள்ளுவர். கடுஞ்சொல் பேசுவோன் நல்லதையே செய்தாலும், அவன் செய்த நன்மையை விட்டுச் சொல்லையே உலகம் நினைக்கும். 1996-இலும் 2009-இலும் 2014-இலும் மயிலாடுதுறை அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. தமிழ்நாட்டில் வெற்றி தோல்வி பெரிதும் கூட்டணிக் கணக்கைச் சார்ந்தது. ஆதலின் அதனைக் கொண்டு ஒருவரை அளப்பது பொருந்தாது. ஆயினும் ஒன்று உண்மை. பஞ்சாயத்துக்கு அதிகாரம் பெற்றுத் தந்த பிரதிநிதிக்கு எவரும் நன்றிக் கடிதம் எழுதுவதில்லை. பள்ளியில் ஓர் இடம் பெற்றுத் தந்தவருக்கே எழுதுவர். உரிமையாகக் கிடைத்த பொருளுக்கு நன்றி சொல்வார் இல்லை; அதுவே உரிமையின் சிறப்பு. நன்றியை எதிர்பாராது உழைக்கும் பிரதிநிதி கிடைப்பது அரிது. அத்தகையவரை நாம் அடையாளம் காண்பது அதனினும் அரிது.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்த உண்மை பினாங்குக்குப் புதிதன்று. மலாயாவின் நகரசபைத் தேர்தல்களில் முன்னோடியாக ஜார்ஜ் டவுனில் 1951 டிசம்பரில் வாக்களிப்பு நடந்தது. 1957 ஜனவரி முதல் நாள் அது மாநகரமாயிற்று. அதன் முதல் மேயர் டி. எஸ். இராமநாதன் என்னும் தமிழர், ஆசிரியராயிருந்தவர். சாக்கடை அடைத்துக்கொண்டால், தெருக்காரர் தாம் வாக்களித்த நகரசபை அங்கத்தினரை வழியில் நிறுத்திக் கேட்கக்கூடிய காலம் அது. 1965-இல், இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதலைக் காரணம் காட்டி, உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை அறவே நீக்கிற்று. 2012-இல் பினாங்கு மாநிலம் அவற்றை மீட்க ஒரு சட்டம் இயற்றியது; 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அம்முயற்சி நிலைபெறவில்லை. அருகிலுள்ள கதவு மூடியபின், சாக்கடைக்கும் மனு, தெருவிளக்குக்கும் மனு, பார்லிமெண்டு அங்கத்தினருக்கே செல்கின்றது. நாட்டின் சட்டங்களை ஆராய வேண்டியவர் சாக்கடை மனுக்களுக்கு விடை எழுதுகின்றார். நாமும் அவர் சாக்கடைக்கு வந்தாரா என்று பார்த்தே வாக்களிக்கின்றோம். பிழை அவருடையது மட்டுமன்று, நம்முடையதுமாம்.

காவிரி நாட்டுத் திருவாரூரில் மனுநீதிச் சோழன் கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கின்றோம். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. அரசன் தன் மகனையே தண்டிக்க முற்பட்டான் என்று சொல்கின்றோம். அரசனின் நீதியைப் புகழ்கின்றோம். ஆனால் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த மணியின் கயிறு, ஒரு பசு எட்டும் உயரத்தில் தொங்கிற்று. எழுதத் தெரியாத, பேசத் தெரியாத, உறவினர் ஒருவரும் இல்லாத உயிருக்கும் அது எட்டிற்று. கயிறு உயரத்தில் கட்டப்பட்டிருந்தால், அரசன் எத்துணை நல்லவனாயினும் அவன் காதில் அன்று எவ்வோசையும் விழுந்திராது.

ஆதலின், பிரதிநிதிக்கு நாம் எழுதும் கடிதம் இரப்பன்று. அதில் “தாழ்மையுடன்” என்னும் சொல் வேண்டுவதில்லை; “இச்சட்டத்தின்படி எனக்கு உரியது, என்னைப்போன்ற இத்தனை பேருக்கும் உரியது” என்றிருத்தல் வேண்டும். பிரதிநிதி எழுதும் மறுமொழியும் “உமக்காகச் சொல்லி வைத்தேன்” என்றிருத்தல் ஆகாது, “உமக்கும் உம்மைப்போன்றார்க்கும் இது தடைப்பட்டதன் காரணம் இது, அதனை நீக்க நான் செய்தது இது” என்றிருத்தல் வேண்டும். படித்த நம் இளைஞர் இன்றும் தோட்டத்து முதியோர்க்கு மனு எழுதித் தருகின்றனர், எழுதித் தரட்டும். ஆனால் ஒரு மனு எழுதும்போது, அதே குறையுள்ள அடுத்த வீட்டுக் கதவையும் தட்டிவிட்டு எழுதட்டும். நான் அன்று அதைச் செய்யவில்லை. இரு மனுக்களை இரு தாள்களில் எழுதினேன். ஒரே தாளில் இரு பெயர்களையும் எழுதியிருக்க வேண்டும்.

“எழுத்துல ஏதும் கொறை வெச்சிட்டியாப்பா?” என்று அந்த அம்மையார் கேட்டார். இல்லை என்றே அன்று சொன்னேன். இன்று கேட்டால், ஆம் என்பேன்.